குரலும் குப்பியும்

பண்டத்தைப் பாட்டால் விற்பது பழைய வழக்கம். தெருவில் கூவி விற்போரின் குரலில் பாதி இராகம் கலந்தே இருக்கும். கேட்ட பிள்ளைகள் அதைத் திருப்பிப் பாடித் திரிவதும் உண்டு. அந்தக் கூவலில் பண்டமும் விற்பவருடையது, பாட்டும் அவருடையது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மேலை நாடுகளில் வளர்ந்த விளம்பரக் கலை இந்த உறவை மாற்றியது. எவரோ எழுதி, எவரோ மெட்டமைத்து, எவரோ பாடி, மக்கள் தம் வாழ்வின் ஒரு பகுதியாக ஏற்றுக்கொண்ட பாட்டை விலைகொடுத்துப் பெற்று, அதனோடு எவ்வகையிலும் தொடர்பில்லாத ஒரு பண்டத்தின்மீது போர்த்தும் முறை வந்தது. ஆடை, ஒப்பனைப் பொருள், வாசனைத் திரவியம் ஆகியவற்றின் விளம்பரங்களில் இம்முறை தழைத்ததற்குக் காரணம் எளிது. பற்பசைக்கும் சோப்புக்கும் சொல்லிக்கொள்ள ஏதேனும் ஒரு பயன் உண்டு. சின்னஞ்சிறு குப்பியில் அடைத்த மணத்தைத் தொலைக்காட்சித் திரை வழியே முகரச் செய்ய இயலாது. அதன் விலைக்கு நியாயம் கூறவும் இயலாது. மணத்தின் இடத்தில் வேறொன்றை வைத்தாக வேண்டும். பாட்டு வைக்கப்பட்டது.

தொடக்கத்தில் நிறுவனங்கள் தமக்கெனவே பாட்டுக் கட்டிக்கொண்டன. 1973இல் அமெரிக்காவின் ரெவ்லான் நிறுவனம் 'சார்லி' என்னும் வாசனைத் திரவியத்தை வெளியிட்டபோது, நியூயார்க்கின் கார்லைல் விடுதியில் ஆண்டுக்கணக்கில் பியானோ வாசித்துப் பாடிவந்த பாபி ஷார்ட் அதன் விளம்பரப் பாட்டைப் பாடினார். அது பண்டத்துக்கென்றே பிறந்த பாட்டு. சில ஆண்டுகளில் வந்த 'என்ஜோலி' ஒரு படி தாண்டியது. ஜெரி லீபர், மைக் ஸ்டாலர் இருவரும் இயற்றிப் பெகி லீ புகழாக்கிய 'ஐ ஆம் எ உமன்' என்ற பாட்டை எடுத்துச் சொற்களை மாற்றிக்கொண்டது. வெளியே சென்று பொருளீட்டி, வீடு திரும்பிச் சமைத்து, அதன்பின் கணவனையும் மகிழ்விக்கும் பெண்ணின் ஓவியம் அதில் தீட்டப்பட்டது. மூலப் பாட்டிலும் வேலைப் பட்டியல் உண்டு. ஆனால் அங்கே அது எள்ளலும் பெருமிதமும் கலந்த உயர்வு நவிற்சி. விளம்பரத்தில் அது நேர்க்கூற்றாகிவிட்டது. பாட்டு இடம்பெயரும்போது முதலில் உதிர்வது எள்ளல்தான் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பாட்டை மாற்றாமல், பழைய பாட்டையே முழுமையாக முன்நிறுத்தும் முறை வேரூன்றியது பிரித்தானியாவில். 1985இல் லீவைஸ் ஜீன்ஸ் கால்சட்டைக்காக எடுக்கப்பட்ட விளம்பரத்தில், ஓர் இளைஞன் சலவையகம் ஒன்றினுள் நுழைந்து, சுற்றியிருப்போர் பார்க்கத் தன் ஆடைகளைக் களைந்து இயந்திரத்தில் போடுகிறான். பின்னணியில் மார்வின் கே பாடிப் புகழ்பெற்ற 1968ஆம் ஆண்டுப் பாட்டு. விளம்பரத்தில் ஒலித்தது வேறு பாடகர்களைக்கொண்டு புதிதாகப் பதிவு செய்யப்பட்ட வடிவம். ஆயினும் மக்கள் கடைகளில் தேடிச் சென்றது கேயின் இசைத்தட்டை. மறுவெளியீடு கண்ட அந்தத் தட்டு 1986இல் பிரித்தானிய விற்பனைப் பட்டியலின் முதல் பத்து இடங்களுக்குள் ஏறியது. அப்போது மார்வின் கே உயிரோடு இல்லை. 1984இலேயே சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். அடுத்த விளம்பரத்தால் சாம் குக்கின் பாட்டு இரண்டாம் இடத்துக்கு வந்தது. அவர் இறந்தது 1964இல். 1987இல் பென் ஈ. கிங்கின் 1961ஆம் ஆண்டுப் பாட்டு, அதன் பெயரையே தாங்கி வந்த திரைப்படமும் துணைநிற்க, முதலிடம் பெற்றது. பெர்சி ஸ்லெட்ஜின் பாட்டு இரண்டாம் இடம். கருப்பின அமெரிக்கர்களின் குரல்கள், ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலம் பெட்டிக்குள் கிடந்தபின், ஐரோப்பிய இளைஞர்களின் கால்சட்டைக்குக் கௌரவம் சேர்க்க எழுப்பப்பட்டன.

இந்த அலையில்தான் ஷனேல் நிறுவனமும் இறங்கியது. 1921 முதல் விற்பனையில் இருந்துவரும் 'ஷனேல் எண் 5' என்னும் திரவியத்துக்கான 1987ஆம் ஆண்டு விளம்பரத்தில், 'மை பேபி ஜஸ்ட் கேர்ஸ் ஃபார் மீ' என்ற பாட்டு ஒலித்தது. பாடியவர் நினா சிமோன். முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய பதிவு. உடனே ஒரு மறுவெளியீட்டு நிறுவனம் அதைத் தனித் தட்டாக வெளியிட்டது. அது பிரித்தானியப் பட்டியலில் ஐந்தாம் இடம் வரை சென்றது. எண் ஐந்தை விற்க வந்த பாட்டு ஐந்தாம் இடத்தில் நின்றது தற்செயல்தான்.

அந்தப் பாட்டின் பிறப்பைப் பார்க்க வேண்டும். 1930இல் அமெரிக்காவில் வெளிவந்த 'ஊப்பி' என்ற வண்ணத் திரைப்படத்துக்காக வால்டர் டொனால்ட்சன் மெட்டமைக்க, ஜெர்மனியில் பிறந்து சிறுவயதில் சிகாகோவில் குடியேறிய கஸ் கான் சொற்களை எழுதினார். படத்தில் அதைப் பாடி ஆடியவர் எடி கேன்டர் என்னும் நகைச்சுவை நடிகர். வெள்ளை இனத்தவரான அவர் முகத்தில் கருமை பூசிக்கொண்டு அதைப் பாடினார். கருப்பின மக்களைக் கேலிப் பொருளாக்கும் அந்த மேடை வழக்கம் அமெரிக்காவில் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நிலவியது. ஆக, பூசிய கருமையில் பிறந்த பாட்டு அது. இருபத்தேழு ஆண்டுகள் கழித்து உண்மையிலேயே கருப்பினப் பெண் ஒருத்தி அதைப் பாடியபோது, அதன் துள்ளலை அடக்கி, நடையைத் தளர்த்தி, கேலியின் தடமே தெரியாமல் துடைத்துவிட்டாள். பின்னே வந்தவர்கள் அதை அவளுடைய பாட்டென்றே எண்ணினர். ஒரு பாட்டை எழுதியவரிடமிருந்து பாடியவர் கைப்பற்றிக்கொள்வது உண்டு. இது அத்தகைய கைப்பற்றல்.

கவிஞர்கள் கவனிக்க வேண்டியது பாட்டின் பொருள். காதலனின் அன்பைப் பற்றிப் பெருமை பேசும் பெண்ணின் கூற்று அது. அவனுக்குக் கேளிக்கை வேண்டாம். நல்ல ஆடை அணிகலன் வேண்டாம். கார் வேண்டாம், குதிரைப் பந்தயம் வேண்டாம். உயர்குடியினர் கூடும் இடங்களும் வேண்டாம். வெள்ளித்திரை அழகிகளின் புன்னகையும் அவனை அசைப்பதில்லை. வேண்டுவது இவள் ஒருத்தி மட்டுமே. ஒவ்வோர் ஆடம்பரமாகப் பெயர் சொல்லித் தள்ளிவைத்துவிட்டு, எஞ்சி நிற்கும் அன்பைக் காட்டுவது இதன் உத்தி. நம் அகப்பாட்டுத் தலைவி, பொருள்தேடப் பிரிபவனின் பொருளை இகழ்ந்து பேசுவதோடு ஒப்பிட்டுப் பார்க்கத்தக்கது. அத்தகைய பாட்டு உலகின் விலையுயர்ந்த வாசனைத் திரவியங்களுள் ஒன்றின் விளம்பரமாயிற்று. ஆடம்பரம் எதுவும் வேண்டாம் என்ற சொற்கள் ஆடம்பரத்துக்குத் தூது போயின. சொல்லைக் கேளாமல் குரலை மட்டுமே கேட்கும் பழக்கத்தை விளம்பரக்காரர்கள் நன்கு அறிந்திருந்தனர் என்றே கொள்ள வேண்டும். சிமோன் பாடிய வடிவத்தில் காதலன் பொருட்படுத்தாத அழகிகளுள் ஒருவராகப் பெயர் சுட்டப்படும் நடிகை எலிசபெத் டெய்லர். அவர் தம் பெயரில் 'பேஷன்' என்ற வாசனைத் திரவியத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்ததும் அதே 1987இல்தான்.

இனி, பாடியவர். 1933 பிப்ரவரி 21 அன்று அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் ட்ரையான் என்ற சிற்றூரில், எட்டுப் பிள்ளைகள் உள்ள வீட்டில் ஆறாவது குழந்தையாகப் பிறந்தவர். பெற்றோர் இட்ட பெயர் யூனிஸ் கேத்லீன் வேமன். தாய் மெதடிஸ்ட் திருச்சபையில் போதகர். மூன்று வயதிலேயே பியானோவைத் தொட்ட சிறுமிக்கு ஊரிலிருந்த ஓர் ஆங்கிலேயப் பெண்மணி பாக்கின் இசையைக் கற்பித்தார். பன்னிரண்டாம் வயதில் நடந்த முதல் கச்சேரியில், முன்வரிசையில் அமர்ந்திருந்த பெற்றோரை வெள்ளையர்களுக்கு இடம்விடும்படி பின்னுக்கு அனுப்பினார்கள். அவர்கள் மீண்டும் முன்னே வந்து அமரும்வரை தாம் வாசிக்கப் போவதில்லை என்று சிறுமி கையை எடுத்துவிட்டாள். ஊரார் நிதி திரட்டிப் படிக்க வைத்தனர். நியூயார்க்கின் ஜூலியார்ட் இசைப்பள்ளியில் ஒரு கோடைப் பயிற்சி. அதையடுத்து ஃபிலடெல்ஃபியாவின் கர்ட்டிஸ் இசைக்கழகத்தில் சேர நுழைவுத் தேர்வு. கர்ட்டிஸ் அவரைச் சேர்க்கவில்லை. தம் நிறமே காரணம் என்று வாழ்நாள் முழுதும் அவர் நம்பினார்.

முதல் கருப்பினச் செவ்வியல் பியானோக் கலைஞராக வேண்டும் என்பது அவர் கனவு. அந்தக் கனவுக்கான தனிப் பயிற்சிக்குக் கட்டணம் செலுத்தவே 1954இல் அட்லாண்டிக் சிட்டியில் ஒரு மதுக்கூடத்தில் வாசிக்கச் சேர்ந்தார். வாசித்தால் மட்டும் போதாது, பாடவும் வேண்டும் என்றார் உரிமையாளர். மதுக்கூடத்தில் மகள் 'பேயின் இசை' பாடுவதைப் போதகரான தாய் அறியக்கூடாது என்று பெயரை மாற்றிக்கொண்டார். நினா சிமோன் பிறந்தது இப்படி. அவருடைய குரலைப் போற்றுவோர் நினைவில் கொள்ள வேண்டியது, அந்தக் குரல் அவர் தேடிச் சென்ற செல்வமன்று. பியானோவுக்காகப் பொறுத்துக்கொண்ட வேலை.

1957 இறுதியில் பெத்லஹேம் இசைத்தட்டு நிறுவனத்துக்காக அவர் தம் முதல் தொகுப்பைப் பதிவு செய்தார். பேஸில் ஜிம்மி பாண்ட், மத்தளத்தில் ஆல்பர்ட் ஹீத், பியானோவிலும் குரலிலும் சிமோன். மூவரே. கஸ் கானும் டொனால்ட்சனும் இயற்றிய பாட்டுகள் அதில் இரண்டு. ஒன்றில் நடுவே ஜாஸ் நின்றுபோய், பாக்கின் பாணியில் ஒரு குரலை மறுகுரல் துரத்தும் பின்னல் பியானோவில் விரிகிறது; கர்ட்டிஸ் கதவை மூடிய மாணவியின் மறுமொழி அது என்று கேட்பவர் கொள்ளலாம். மற்றொன்றுதான் பின்னாளில் விளம்பரத்துக்குப் போன பாட்டு. தொகுப்புக்கான உரிமைகள் அனைத்தையும் அவர் 3,000 டாலருக்கு எழுதிக் கொடுத்தார். வயது இருபத்து நான்கு. அந்தப் பணத்துக்கு எத்தனை மாதப் பியானோப் பாடம் என்று கணக்கிட்டிருக்கக்கூடிய வயது. முப்பது ஆண்டு கழித்து ஒரு குப்பியை விற்க அந்தக் குரல் தேவைப்படும் என்று எந்த வயதிலும் எவரும் கணக்கிட்டிருக்க இயலாது. அந்தக் கையெழுத்தால் அவர் இழந்த தொகை பத்து லட்சம் டாலருக்கும் மேல் எனப் பின்னாளில் மதிப்பிடப்பட்டது.

பாட்டு என்பது சட்டத்தின் கண்ணில் ஒரு பொருளன்று, இரண்டு. சொல்லும் மெட்டும் சேர்ந்தது ஓர் உடைமை. அதைப் பாடிப் பதிந்த ஒலி மற்றோர் உடைமை. விளம்பரத்தில் ஒரு பழைய தட்டை ஒலிக்கச் செய்ய இரண்டுக்கும் அனுமதி பெற வேண்டும். முதலாவது பெரும்பாலும் எழுதியோரின் வாரிசுகளிடமோ பதிப்பகத்திடமோ இருக்கும். இரண்டாவது தட்டு நிறுவனத்திடம். 1930இல் வெளியான ஆக்கத்துக்கு அமெரிக்கச் சட்டம் தரும் காப்பு 95 ஆண்டு. 1941இல் மறைந்த கானும் 1947இல் மறைந்த டொனால்ட்சனும் எழுதியது 2025 இறுதிவரை உடைமையாகவே இருந்தது. மறந்துபோயிருந்த அந்தப் பாட்டை உலகம் மீண்டும் பாடும்படிச் செய்தவருக்கோ தாம் பதிந்த ஒலியில் பங்கில்லை. குரலை அப்படியே எடுக்காமல் அதைப்போல் வேறொருவரைப் பாட வைத்தால் என்ன என்ற கேள்வியும் அக்காலத்தில் எழுந்தது. ஒரு கார் விளம்பரத்தில் பாட மறுத்த பெட் மிட்லரின் குரலை, அவருடன் துணைப்பாட்டுப் பாடியிருந்த ஒருவரைக்கொண்டு போலி செய்தார்கள். 1988இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம், ஒருவரின் தனித்தன்மையுள்ள குரல் அவரது ஆளுமையின் பகுதி, விற்பனைக்காக அதைப் போலி செய்தல் தவறு என்று தீர்ப்பளித்தது. போலிக் குரலுக்கு எதிராக இப்படி ஒரு காப்புக் கிடைத்தது. உண்மைக் குரலை முன்பே எழுதிக் கொடுத்துவிட்டவருக்கு அதனால் பயனில்லை.

இவ்விடத்தில் அந்தக் குப்பியின் வரலாற்றையும் சொல்லியாக வேண்டும். ஏனெனில் அதைப் படைத்தவரும் இதே போன்றதொரு கையெழுத்தை இட்டவர்தான். அநாதை விடுதியில் வளர்ந்து பாரிஸின் ஆடை உலகை ஆண்ட கேப்ரியல் ஷனேல், வாசனை வல்லுநர் எர்னஸ்ட் போவைக் கொண்டு 1921இல் எண் 5ஐ உருவாக்கினார். தம் கடையில் மட்டும் விற்றதை உலகெங்கும் விற்க விரும்பி, 1924இல் பியர், பால் வெர்த்தைமர் சகோதரர்களோடு ஒப்பந்தம் செய்தார். புதிய நிறுவனத்தில் அவர்களுக்கு 70 விழுக்காடு. அறிமுகம் செய்துவைத்த வணிகர் தியோஃபில் பாதேருக்கு 20. தம் பெயரையே கொடுத்த ஷனேலுக்கு 10. திரவியம் செல்வத்தைக் கொழிக்கத் தொடங்கியதும் ஏமாற்றப்பட்டதாக உணர்ந்தார். இருபது ஆண்டுக்கும் மேலாக வழக்கறிஞர்களை வைத்துப் போராடினார். ஜெர்மானியர் பிரான்சைக் கைப்பற்றியிருந்த 1941இல், யூதர்களின் சொத்தைப் பறிக்க இயற்றப்பட்ட இனச் சட்டத்தைப் பயன்படுத்தி நிறுவனத்தைத் தம் வசமாக்கவும் முயன்றார். அந்தச் செயலுக்கு எந்தக் குறையும் நியாயம் ஆகாது. நாட்டை விட்டு வெளியேறுமுன் வெர்த்தைமர்கள் நிறுவனத்தை ஃபெலிக்ஸ் அமியோ என்ற யூதரல்லாத தொழிலதிபரின் பெயருக்கு மாற்றியிருந்ததால் முயற்சி பலிக்கவில்லை. போருக்குப்பின் 1947இல் உடன்பாடு ஏற்பட்டது. உலகெங்கும் விற்கும் எண் 5இன் விற்பனையில் 2 விழுக்காடு ஷனேலுக்கு என்று முடிவாயிற்று. அது அவரை மிகப்பெரும் செல்வராக்கியது.

1924இலும் 1957இலும் இடப்பட்ட இரண்டு கையெழுத்துகளும் பின்னாளில் இட்டவரை வருத்தியவை. ஒன்று இருபத்து மூன்று ஆண்டில் திருத்தப்பட்டது. அதற்குப் பின்னால் புகழும் வழக்கறிஞரும் தன்னால்தான் பண்டம் விற்கிறது என்று மிரட்டும் வலிமையும் இருந்தன. மற்றொன்றைத் திருத்தச் சிமோனிடம் அவை இல்லை. 1964 முதல் கருப்பின மக்களின் உரிமைக்காகச் சினந்து பாடியவர். அந்தச் சினத்தால் அமெரிக்க இசை வணிகம் தம்மைத் தண்டித்தது என்று கருதியவர். 1970இல் நாட்டை விட்டு அகன்று பார்படோஸ், லைபீரியா, சுவிட்சர்லாந்து, பிரான்ஸ் என்று அலைந்தார். விளம்பரம் வந்தபோது வெளிவந்த பணத்துக்காகப் பின்னர் வழக்கறிஞர்களைத் தேட வேண்டியிருந்தது. ஆயினும் விளம்பரம் அவருக்கு ஒன்றுமே செய்யவில்லை என்று எழுதுவது நேர்மையாகாது. அவரை மறந்திருந்த ஐரோப்பா மீண்டும் கேட்கத் தொடங்கியது. இளைஞர் கூட்டம் அவரது கச்சேரிகளுக்கு வந்தது. வந்தவர்கள் பெரும்பாலும் அந்த ஒரு பாட்டையே கேட்டார்கள் என்றால் வியப்பில்லை.

தனித் தட்டு விற்பனையானபோது அதற்கொரு ஒளிப்படமும் எடுத்தார்கள். ஆர்ட்மன் நிறுவனத்தின் பீட்டர் லார்ட் இயக்கியது. களிமண்ணால் செய்த பூனை ஒன்று இரவு விடுதி மேடையில் நின்று சிமோனின் குரலில் பாடுகிறது. களிமண் வேலை மிக அழகானது, குழந்தைகளும் விரும்பினர். ஆனால் விளம்பரத்தில் குப்பியைக் கண்டவர்கள் பாட்டின் படத்தில் பூனையைக் கண்டார்கள். பாடியவரின் முகம் இரண்டிலும் இல்லை. புறநானூற்றில் பெருஞ்சித்திரனார் என்ற புலவர், தம்மைக் காணாமலே அதியமான் கொடுத்தனுப்பிய பரிசிலை ஏற்க மறுத்தார். முகம் பார்த்துப் புலமையின் அளவறிந்து தருவது எவ்வளவு சிறிதானாலும் போதும், காணாமல் பெறுவதற்குத் தாம் வணிகர் அல்லர் என்பது அவர் வாதம். பாடுபவர் பாடப்படுபவரின் முன்னே நிற்பதே பாணர் மரபு. தட்டில் பதிந்த பாட்டில் அந்த முன்னிலை இல்லை. குரல் ஒரு நாட்டில் இருக்க, உடல் வேறொரு நாட்டில் வாடகை அறையில் இருக்கக்கூடும். காணாத பரிசிலை மறுக்கும் உரிமைகூட அங்கே பாடியவருக்கு இல்லை.

இந்தியப் பாடலாசிரியர்களுக்கும் இது தொலைவுச் செய்தி அன்று. திரைப்படத்துக்காக எழுதப்பட்ட பாட்டுக்கும் மெட்டுக்கும் முதல் உரிமையாளர் தயாரிப்பாளரே என்று 1977இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாறான ஒப்பந்தம் இருந்தாலன்றி எழுதியவருக்கு ஒன்றுமில்லை. 1981இல் கண்ணதாசன் மறைந்தபோது நிலைமை இதுவே. 2012இல், மாநிலங்களவை உறுப்பினராயிருந்த உருதுக் கவிஞர் ஜாவேத் அக்தரின் விடாமுயற்சியும் சேர்ந்து பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. திரையரங்கில் படத்தோடு ஒலிப்பது தவிர்த்த பிற பயன்பாடுகளில், எழுதியவரும் மெட்டமைத்தவரும் உரிமைத்தொகையில் சமபங்கு பெறுவர். அந்தப் பங்கை அவர்களே விரும்பினாலும் எழுதிக் கொடுக்க முடியாது. பாடகருக்கும் தம் குரலின் வணிகப் பயன்பாட்டில் உரிமைத்தொகை உண்டு என்றானது. கையெழுத்து இட்டாலும் செல்லாது என்னும் விதி விந்தையாகத் தோன்றலாம். 3,000 டாலர் வாங்கிய இருபத்து நான்கு வயதுப் பெண்ணை நினைத்தால் விந்தையாகத் தோன்றாது.

1987க்குப் பிறகு கதை விரைவாக விரிந்தது. எண் 5க்கே 2009இல் எடுத்த படத்தில், இஸ்தான்புல் நோக்கி இரவில் செல்லும் ரயிலில் பில்லி ஹாலிடேயின் குரல் ஒலித்தது. இறப்பதற்கு ஓராண்டு முன், குரல் உடைந்துபோயிருந்த 1958இல் அவர் பாடிய பாட்டு அது. 1959இல் அவர் நியூயார்க் மருத்துவமனையில் இறந்தபோது வங்கிக் கணக்கில் இருந்தது 70 சென்ட். உடைந்த குரலின் துயரமே விளம்பரத்தில் காதலின் மயக்கமாகப் பயன்பட்டது. ஷனேலின் மற்றொரு திரவியத்துக்கு 2011இல், ஜேம்ஸ் பிரவுனும் பெட்டி ஜீன் நியூசமும் இயற்றியதாகப் பதிவான 1966ஆம் ஆண்டுப் பாட்டை ஜாஸ் ஸ்டோன் என்ற பெண் புதிதாகப் பாடினார். இவ்வுலகம் ஆணுக்குரியது என்னும் பாட்டு, தனியே மோட்டார் சைக்கிள் ஓட்டிச் செல்லும் பெண்ணுக்குப் பின்னணியாயிற்று. இங்கே பாட்டுக்கும் படத்துக்கும் உள்ள முரண் திட்டமிட்டது. எள்ளல் உதிராமல் தங்கிய அரிய விளம்பரம் எனலாம். டியோர் நிறுவனம் 2011இல் வெர்சாய் அரண்மனைக் கண்ணாடி மண்டபத்தில் கிரேஸ் கெல்லி, மர்லின் மன்றோ, மார்லீன் டீட்ரிக் ஆகிய மறைந்த நடிகைகளைக் கணினி வழியே உயிர்ப்பித்து, காஸிப் என்ற அமெரிக்கக் குழுவின் பாட்டோடு இணைத்தது. 2015இல் அதே நிறுவனத்துக்கு ஜானிஸ் ஜாப்ளின் குரல் பயன்பட்டது. விலையுயர்ந்த காரைக் கடவுளிடம் வேண்டுவதாக நையாண்டி செய்து 1970இல் இறப்பதற்கு மூன்று நாள் முன் பாடிப் பதிந்தவர் ஜாப்ளின். கவிஞர் மைக்கேல் மக்ளூரின் சொல்லிலிருந்து கிளைத்த அந்த நையாண்டியைப் பின்னாளில் அந்தக் கார் நிறுவனமே தன் விளம்பரத்தில் ஒலிக்கச் செய்தது.

சொல்லே இல்லாத இசைக்கும் இந்தக் கதி உண்டு. ஷானி பழங்குடி மரபினரான லிங்க் ரே 1958இல் கித்தாரில் வாசித்த 'ரம்பிள்', வன்முறையைத் தூண்டும் என்று அஞ்சிச் சில அமெரிக்க வானொலி நிலையங்களால் விலக்கப்பட்டது. ஒரு சொல்கூட இல்லாத இசை விலக்கப்பட்டது அரிதான பெருமை. 2019இல் டியோர் தன் 'சோவாஜ்' திரவியத்துக்கு அதை எடுத்துக்கொண்டு, பழங்குடி நடனக் கலைஞர் ஒருவரையும் திரையில் ஆட வைத்தது. பிரெஞ்சில் அந்தப் பெயருக்குக் 'காட்டுத்தனமான' என்பது பொருள். பழங்குடியினரை அந்தச் சொல்லாலேயே இழித்துவந்த வரலாற்றை எடுத்துக்காட்டிக் கண்டனம் எழுந்ததும் படம் திரும்பப் பெறப்பட்டது.

நினா சிமோன் தம் கடைசி ஆண்டுகளைத் தென் பிரான்சில் கழித்தார். 1991இல் தன்வரலாறு வெளிவந்தது. 2003 ஏப்ரல் 21 அன்று கடலோரச் சிற்றூரான கரி-லெ-ரூவேயில் உயிர் பிரிந்தது. அதற்கு இரண்டு நாள் முன்புதான், ஐம்பது ஆண்டுக்கு முன் அவரைச் சேர்க்க மறுத்த கர்ட்டிஸ் இசைக்கழகம் மதிப்புறு பட்டம் வழங்குவதாக அவருக்குத் தெரிவிக்கப்பட்டது. ட்ரையானில் அவர் பிறந்த மூன்று அறை மரவீடு நெடுங்காலம் சிதைந்து கிடந்தது. 2017இல் அது விற்பனைக்கு வந்தபோது, இடிபட்டுப் போகும் என்று அஞ்சிய கருப்பின ஓவியக் கலைஞர்கள் நால்வர் ஒன்றுசேர்ந்து 95,000 டாலர் கொடுத்து வாங்கினர்.